லிங்கி ஆற்றின் 'கொள்ளையன்': டாயெங் கெம்போஜா வீழ்ந்ததும் எழுந்ததும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த மாணவரிடம் உங்கள் ஊரின் வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், பெரும்பாலும் இரப்பர் கன்று நட்ட காலத்தைத்தான் சொல்வார். லிங்கி, ரந்தாவ், சிலியாவ், பெடாஸ், ரெம்பாவ் ஆகிய பெயர்கள் நமக்குப் பால்மரக் காடுகளாகவும், பின்னர் செம்பனைக் காடுகளாகவும், லயங்களாகவும், தமிழ்ப்பள்ளிகளாகவுமே அறிமுகமாயின. ஆனால் இந்தப் பெயர்களுள் சில, முதல் தோட்டம் திறக்கப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னரே, மலாக்காவிலிருந்த டச்சுக்காரர்களின் கடிதங்களில் அச்சத்தோடு எழுதப்பட்டவை. அந்த அச்சத்திற்குக் காரணமானவர் லிங்கியைத் தளமாகக் கொண்டிருந்த பூகிஸ் தலைவர் டாயெங் கெம்போஜா.

டச்சுப் பதிவுகளை மட்டும் படிப்பவருக்கு அவர் ஒரு தந்திரக்காரக் கடற்கொள்ளையர்; தோற்கடிக்கப்பட்டும் அடங்காதவர். மலாய் நூலான துஹ்ஃபாத் அல்-நாஃபிஸைப் படிப்பவருக்கு அவர் ஜொகூர்-ரியாவ் அரசின் மூன்றாவது யாம்துவான் மூடா, அதாவது இளைய அரசர். ஒரே மனிதர் இருவேறு ஏடுகளில் இப்படி இரண்டாகத் தெரிவது ஏன் என்பதையும், தோல்விக்குப் பிறகு அவர் எவ்வாறு மீண்டார் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதற்கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும் எனலாம்.

பின்னணி

சுலாவெசித் தீவிலிருந்து வந்த பூகிஸ் சகோதரர் ஐவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூர் அரசியலில் நுழைந்தனர். 1722இல் ராஜா கெச்சிலை விரட்டி, சுல்தான் சுலைமானை அரியணையில் அமர்த்தினர். அரியணை மலாய்க்காரருக்கு, இளைய அரசர் பதவி பூகிஸ்காரருக்கு என்பது ஏற்பாடு. முதலில் டாயெங் மாரேவா, அடுத்து டாயெங் செலாக், அவருக்குப் பின் மூத்த சகோதரர் டாயெங் பாராணியின் மகனான கெம்போஜா என்று இப்பதவி குடும்பத்திற்குள்ளேயே சென்றது. பெயரளவில் இளையவர் என்றாலும் நடைமுறையில் கப்பல், படை, கருவூலம் எல்லாம் இவர்கள் கையில்தான் இருந்தன. சுலைமானுக்கு இது கசந்தது. திரங்கானு சுல்தான் மன்சூர் ஷா அந்தக் கசப்பை வளர்த்தார்.

ரியாவில் நிலைமை முறுகியபோது, 1754 வாக்கில், கெம்போஜா சண்டையிடாமல் தம் ஆட்களோடு லிங்கிக்கு வந்துவிட்டார். இதைப் பின்வாங்கல் என்று எழுதுவோர் உண்டு. இடத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. சிரம்பான் பக்கத்திலிருந்து இறங்கும் லிங்கி ஆறு, ரெம்பாவிலிருந்து வரும் ஆற்றோடு சிம்பாங்கில் கூடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. சுங்கை ஊஜோங்கின் ஈயம் முழுவதும் இவ்வழியாகத்தான் கடலுக்கு வர வேண்டும். சாலையில்லாத அக்காலத்தில் ஆற்றின் வாயில் இருப்பவனே உள்நாட்டுக்குச் சொந்தக்காரன். மலாக்காக் கோட்டையோ மிக அருகில். ரியாவை விட்டவர் ஈயத்தின் வாயிலில் வந்து அமர்ந்தார்.

போரும் தோல்வியும்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மலாக்காவை 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது. அதன் பிறகு அது இப்பகுதியில் விடாமல் கேட்ட பொருள் ஈயம். ஆங்காங்கே அரசர்களோடு ஒப்பந்தம் செய்து, ஈயத்தைத் தனக்கு மட்டுமே, தான் குறித்த விலைக்கே விற்க வேண்டும் என்று எழுதி வாங்கியது. அந்த எழுத்தை மீறி வேறொருவருக்கு விற்றால் அது கள்ளக் கடத்தல். கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாமல் படகு ஓட்டினால் அது குற்றம். கெம்போஜாவின் 'கொள்ளை' என்பதில் எவ்வளவு உண்மையிலேயே கப்பல் மறித்துப் பறித்தது, எவ்வளவு கம்பெனிக்கு விற்க மறுத்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் ஆட்கள் கடலில் மறித்துப் பறித்ததே இல்லை என்று வாதாட முடியாது. ஆனால் டச்சுக் கப்பல்களும் அதையேதான் செய்தன. அவற்றிடம் அதற்குச் சீட்டு இருந்தது.

1755 இறுதியில் சுல்தான் சுலைமான் டச்சு உதவியை நாடினார். விலை ஈய ஏகபோகம். அடுத்த ஆண்டில் டச்சுப் படையும் திரங்கானுப் படையும் லிங்கியைத் தாக்கின. கெம்போஜா அதற்குப் பதிலடியை லிங்கியில் கொடுக்கவில்லை. மலாக்காவின் வாசலுக்கே கொண்டு போனார். 1756இன் பிற்பகுதியில் லிங்கி, சிலாங்கூர், ரெம்பாவ் ஆட்கள் சேர்ந்து மலாக்காவை முற்றுகையிட்டனர். கோட்டைக்கு வெளியே இருந்த புறநகர்ப் பகுதிகள் தீக்கிரையாயின. நம் மலாக்கா செட்டிகளும் அந்நகரின் குடிகளே என்பதை இங்கே மறக்கலாகாது. பூகிஸ் படகுகளைக் கண்டு நடுங்கியவர்களுள் தமிழ் வழித்தோன்றல்களும் இருந்திருப்பர். கெம்போஜாவை வீரராக மட்டும் காட்டும் எழுத்துகள் தீயில் வீடிழந்தவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

1757இன் தொடக்கத்தில் பத்தேவியாவிலிருந்து உதவிப்படை வந்தது. முற்றுகை உடைந்தது. டச்சுக்காரர்கள் துரத்திக்கொண்டு லிங்கிக்கே வந்தனர். கோலா லிங்கியில் ஆற்றின் வாயைப் பார்த்தபடி ஒரு கோட்டையைக் கட்டி, தலைமை ஆளுநர் ஜேக்கப் மோசெலின் மகள் பெயரால் அதற்கு ஃபிலிப்பினா என்று பெயரிட்டனர். அதன் கற்சுவர்கள் மலாக்கா மாநில எல்லைக்குள் இன்றும் நிற்கின்றன. 1758 ஜனவரி 1ஆம் நாள் அந்தக் கோட்டையில்தான் கெம்போஜா சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ஈயம் கம்பெனிக்கே என்று ஒப்புக்கொண்டார். கம்பெனியின் கணக்குப்படி கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

மீண்ட விதம்

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் நம் பெற்றோர் பார்த்த கொள்ளையர் கதைகளில், தோற்ற வில்லன் மீண்டும் வருவதென்றால் இன்னும் பெரிய கப்பலோடும் இன்னும் பெரிய வாளோடும்தான் வருவான். கெம்போஜா அப்படி வரவில்லை. 1758க்குப் பின் அவர் மலாக்காவைத் தாக்கவே இல்லை. அவர் செய்தவை ஆரவாரமில்லாதவை. அதனால்தான் அவை கோட்டையிலிருந்த கண்களுக்குத் தப்பின.

முதலாவது, அவர் தோற்ற இடத்தை விட்டு ஓடவில்லை. உடன்படிக்கை அவரை லிங்கியிலிருந்து அகற்றவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கம்பெனியிடம் கோட்டை இருந்தது. ஆற்றின் உள்ளே ஈயம் எடுப்போரோடும் ரெம்பாவின் மினாங்கபாவ் தலைவர்களோடும் பேச்சும் உறவும் பூகிஸ்காரரிடம் இருந்தன. ஆற்று வாயில் நிற்கும் காவலாளியால் வருகிற படகை எண்ண முடியும். வராத படகை எண்ண முடியாது.

இரண்டாவது, பதவியை அவர் கைவிடவே இல்லை. இதுவே முக்கியமானது என்று கருதுகிறேன். டச்சுக்காரர் ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவனைத் தோற்கடித்ததாக நினைத்தனர். கொள்ளைக்காரன் படகையும் ஆளையும் இழந்தால் அவனிடம் வேறொன்றும் மிஞ்சாது. ஆனால் ஓர் அரசின் இளைய அரசர் படையை இழந்தாலும் உரிமையை இழப்பதில்லை. அரியணை காலியாகும் நாளில் அவ்வுரிமைக்கு உயிர் வரும். அந்த நாள் இரண்டே ஆண்டுகளில் வந்தது.

1760இல் சுல்தான் சுலைமான் காலமானார். பட்டத்துக்குரிய மகன் அப்போது சிலாங்கூரில், பூகிஸ் உறவினரிடையே இருந்தார். 1761இன் தொடக்கத்தில் அவரும் இறந்தார். நஞ்சு என்ற பேச்சு எழுந்தது. மலாய்ப் பிரபுக்கள் பூகிஸ்காரரைச் சந்தேகித்தனர். எஞ்சியவர்கள் பேரக் குழந்தைகள். முதலில் சிறுவன் அகமது அமர்த்தப்பட்டு விரைவில் மறைந்தான். அடுத்து கைக்குழந்தையான மஹ்மூத். குழந்தை ஆளும் நாட்டில் பாதுகாவலர் யாரோ அவரே அரசர். அந்தப் பொறுப்பைக் கெம்போஜா ஏற்றார்.

இங்கே நம் சமூகத்தார் எளிதில் புரிந்துகொள்ளும் ஒரு செய்தி உண்டு. மஹ்மூதின் தாய் டாயெங் செலாக்கின் மகள். ஆகவே செலாக்கின் மகன் ராஜா ஹாஜி குழந்தைக்குத் தாய்மாமன். கெம்போஜாவோ ஒன்றுவிட்ட தாய்மாமன். தாய்மாமன் மடியில் அமர்த்தித்தான் காது குத்துகிறோம். அந்த மடிக்கு என்ன அதிகாரம் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு தலைமுறைக்கு முன் நடந்த திருமணம் ஃபிலிப்பினா கோட்டையின் பீரங்கிகள் வென்றதைச் சத்தமின்றித் திருப்பி வாங்கியது. மலாய்த் தரப்பின் சந்தேகத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிடவும் முடியாது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சாவுகள் ஒருவருக்கு மட்டும் சாதகமாக அடுக்கடுக்காக வந்திருக்கின்றன. குற்றத்தை நிறுவச் சான்றில்லை.

மூன்றாவது, வணிகம். ரியாவில் கெம்போஜா இருந்த ஆண்டுகளில் அத்துறைமுகம் செழித்தது. செலாக் காலத்தில் சீனத் தொழிலாளரைக் கொண்டு தொடங்கிய கம்பீர்த் தோட்டங்கள் பெருகின. இந்தியாவிலிருந்து ஆங்கிலேயத் தனி வணிகர்கள் துணியும் அபினியும் கொண்டுவந்து ஈயமும் மிளகும் ஏற்றிச் சென்றனர். கம்பெனிக்கே உரியது என்று எழுதப்பட்ட ஈயத்தில் ஒரு பகுதி அதைவிட நல்ல விலை கிடைத்த ரியாவுக்குப் போனது. உடன்படிக்கையை அவர் கிழித்து எறியவில்லை. அதை வெற்றுத் தாளாக்கினார். 1766இல் செலாக்கின் இன்னொரு மகன் ராஜா லூமு சிலாங்கூரின் சுல்தானாக முறைப்படி ஏற்கப்பட்டார். இதனால் நீரிணையின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே குடும்பத்தின் நிழல் படிந்தது. அந்த நிழலுக்கு எதிர்வினையாகத்தான் நெகிரி செம்பிலான் தலைவர்கள் மினாங்கபாவிலிருந்து ராஜா மெலேவாரை வரவழைத்து 1773இல் தங்கள் முதல் யாம்துவானாக அமர்த்தினர் என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். அவ்வாறாயின், நம் மாநிலத்தின் அரச மரபுக்கே இந்தக் 'கொள்ளையர்' ஒரு காரணர். கெம்போஜா 1777இல் ரியாவில், பதவியில் இருந்தபடியே இறந்தார்.

யார் எழுதியது?

துஹ்ஃபாத் அல்-நாஃபிஸை 1860களில் எழுதி முடித்த ராஜா அலி ஹாஜி, ராஜா ஹாஜியின் பேரன். தம் குடும்பத்தைத் தாமே குறைத்து எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது. கம்பெனி எழுத்தர்களோ மாதாமாதம் ஈயக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள். ஈயம் குறைந்ததற்குக் கொள்ளையரைக் காரணம் சொல்வது அவர்களுக்கு வசதி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் கெம்போஜா ஓரளவு மனிதராகத் தெரிகிறார்.

இதில் நமக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. 1025இல் ராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் வந்து பொருளைக் கவர்ந்து சென்றதை நாம் மேடைதோறும் வெற்றி என்கிறோம். பட்டப்பெயராகவும் சூடிக்கொள்கிறோம். அன்று கடாரத்தில் இருந்த ஓர் எழுத்தர் ஏட்டில் என்ன சொல்லை எழுதியிருப்பார்? மறுபுறம், தோட்டங்களின் பதிவேடுகளில் நம் முன்னோர் தொழில் தெரிந்த மனிதர்களாக அல்லாமல் 'கூலி' என்ற ஒரே சொல்லாகப் பதிவானதையும் அறிவோம். எழுதுகிறவன் கையிலிருந்த சொல் எழுதப்பட்டவன்மேல் ஒட்டிக்கொண்டது. லிங்கி ஆற்றிலேயே இது இன்னொரு முறை நடந்தது. 1874இல் ஆற்றோரம் அரண் அமைத்துச் சுங்கம் வாங்கிய தலைவர்களை ஆங்கிலேயர் வணிகத்துக்கு இடையூறு செய்பவர்கள் என்று சொல்லித்தான் சுங்கை ஊஜோங் விவகாரத்தில் தலையிட்டனர். பின்னர் வந்த இருப்புப்பாதையும் தோட்டங்களும் அந்தத் தலையீட்டின் வழியே வந்தவை. அவற்றின் வழியே நாமும் வந்தோம்.

கெம்போஜாவுக்குப் பின் ராஜா ஹாஜி இளைய அரசரானார். கெம்போஜாவின் பொறுமை அவருக்கு இல்லை. 1784இல் மலாக்காவை முற்றுகையிட்டு, ஜூன் 18 அன்று தெலுக் கெத்தாப்பாங்கில் போரில் மாண்டார். டச்சுக்காரருக்கு அவரும் கொள்ளையர்தான்; இந்தோனேசியா 1997இல் அவரைத் தேசிய வீரராக அறிவித்தது. அதே 1784இல் ரியாவும் டச்சுக்காரர் வசமானது. மடியில் வைத்து வளர்க்கப்பட்ட மஹ்மூத் அப்போது இளைஞர். அவர் 1787இல் போர்னியோவின் வடபகுதியிலிருந்து இலானுன் கடலோடிகளை வரவழைத்து அவர்களை விரட்டினார். அந்த இலானுன் மக்களின் பெயரே திரிந்து, மலாய் மொழியில் கடற்கொள்ளையர் என்பதற்குரிய பொதுச்சொல்லாக, 'லானுன்' என்று நிலைத்துவிட்டது.