சர்வர் எங்கே? தேடிப் பிடிப்போம் வாங்க!



போன விடுமுறை முகாமின் பதிவு நாள். வெளியே பெற்றோர் வரிசை. யாருக்கு என்ன ஒவ்வாமை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும், எல்லாமே உள் அறையில் இருந்த பழைய கணினியில். பதிவு மேசை லேப்டாப்பால் அதைக் கண்டுபிடிக்கவே முடியல! முதல் நாள் இரவு மின்சாரம் போய் வந்ததில், ரௌட்டர் அதுக்கு வேற ஐபி எண் கொடுத்திருந்தது. செட் பண்ணது நான்தான், தப்பும் என்னோடதுதான்.

முதலில் ஒரு வேறுபாடு. கோப்பு சர்வர் கோப்பை அப்படியே கொடுக்கும். தேடுவது நம்ம கணினி. தரவுத்தள சர்வர் கேள்வியை வாங்கி, விடையை மட்டும் அனுப்பும். பல பேர் ஒரே நேரத்தில் எழுதும் பட்டியலைப் பகிர்ந்த ஃபோல்டரில் போட்டால், ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் அழிச்சிடலாம். படங்கள் கோப்பு சர்வருக்கு. உறுப்பினர் பதிவு தரவுத்தளத்துக்கு.

இனி படிப்படியாகப் பார்ப்போம்.

1. ரௌட்டர் அமைப்பில், சர்வரின் மேக் முகவரிக்கு ஒரே ஐபி எண்ணை ஒதுக்குங்க. உதாரணம்: 192.168.1.20. அந்த எண்ணைக் கணினி மேலேயே எழுதி ஒட்டுங்க.

2. 'பிங்' பண்ணுங்க. பதில் வந்தால் கணினி உயிரோட இருக்கு, அவ்வளவுதான். தரவுத்தளம் ஓடுதான்னு அது சொல்லாது. பதில் வராவிட்டாலும் ஃபயர்வால் தடுத்திருக்கலாம்.

3. அதனால் போர்ட் எண்ணையும் சோதிங்க. வழக்கமாக மைஎஸ்கியூஎல், மரியாடிபி 3306, போஸ்ட்கிரெஸ் 5432, விண்டோஸ் ஃபோல்டர் பகிர்வு 445. எந்த எண் திறந்திருக்கோ, அதை வைத்தே அங்கே என்ன சர்வர் இருக்குன்னு ஊகிக்கலாம்.

4. பிங் வருது, 3306 மட்டும் திறக்கலையா? உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் தொடக்கத்தில் 127.0.0.1 முகவரியில், அதாவது தன் கணினிக்குள் மட்டும்தான் காது கொடுக்கும். அமைப்புக் கோப்பில் பைண்ட்-அட்ரஸ் வரியை சர்வரின் ஐபிக்கு மாற்றி, சேவையை மறுபடி தொடங்குங்க. ஃபயர்வாலை உள் வலைக்கு மட்டும் திறங்க. இணையத்துக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது பிள்ளைகளின் விவரம்.

5. பதிவு மேசைக்குத் தனிப் பயனர் பெயர் கொடுங்க. ரூட் கடவுச்சொல் யார் கையிலும் போகக்கூடாது.

கடைசியா ஒண்ணு. முகாமுக்கு ஒரு நாள் முன்பே ரௌட்டரையும் சர்வரையும் வேணும்னே அணைத்து, திரும்பப் போட்டுப் பாருங்க. ஒவ்வாமைப் பட்டியலைத் தாளிலும் அச்சடிச்சு வைங்க. அன்னைக்கு என்கிட்ட அந்த ஒரு தாள் இல்ல.