வனைந்தவரே விற்கும் சந்தை

ஆந்திர மாநிலச் சித்தூர் மாவட்டத்துப் பலமநேர், சுடுமண் கலைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குக் குயவர்கள் களிமண்ணைப் பிசைந்து, சக்கரத்தில் வனைந்து, நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகின்றனர். கலத்தை இடைத்தரகரிடம் கொடுத்தால், உழைத்தவருக்குக் கிடைப்பது சிறுபங்கே. எனவே கைவினைஞர் நேரில் விற்க இடம் வேண்டும். அதற்கென 1994இல் புதுதில்லியில் ‘தில்லி ஹாட்’ திறக்கப்பட்டது. பல மாநிலக் கைவினைஞர்களுக்கு அங்கு முறைவைத்துப் பதினைந்து நாள் கடை வழங்கப்படுகிறது. வாங்குவோர் விரும்புவதை அவர்கள் நேரில் அறிகின்றனர். உரிய விலையும் பெறுகின்றனர்.

அருஞ்சொற்பொருள்
வனைதல் – மண்ணால் கலம் செய்தல்
சூளை – மட்கலம் சுடும் இடம்

பயிற்சி
1. சுடுமண் கலம் உருவாகும் நிலைகளை வரிசைப்படுத்துக.
2. நேரடி விற்பனையால் கைவினைஞர் அடையும் பயன்கள் யாவை?