மீட்புச் சூழலும் ஒரு வரிக் கட்டளையும்

இயங்கும் விண்டோஸ் கணிப்பொறியைப் பழுது நீக்கும் மீட்புச் சூழலுக்குள் கொண்டுசெல்ல ஒரு வரிக் கட்டளைக் கோப்பே போதும். 'ஷட்டவுன்' என்னும் ஆணையை அடுத்து, மறுதொடக்கத்தைக் குறிக்கும் 'ஆர்', மீட்புப் பட்டியலைக் குறிக்கும் 'ஓ' ஆகிய எழுத்துகளை, ஒவ்வொன்றின் முன்னும் சாய்கோடிட்டு எழுதுதல் வேண்டும்.

ஆயின் இக்கோப்பு இயங்க, விண்டோஸ் முதலில் இயங்கவேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்களிலும் பயண அட்டைகளைக் கையால் எழுதித் தந்தனர். பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணிப்பொறியாக மீட்புச் சூழலுள் நுழைந்து, பழுதான கோப்பை நீக்கினர். பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணும் தேவைப்பட்டது.

எனவே, கல்லூரி ஆய்வகமாயினும் தோல் மண்டிக் கணக்கறையாயினும், கணிப்பொறி நலமாயிருக்கும்போதே அவ்வெண்ணைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துதல் நன்று.