அலுப்பா, வியாதியா?

சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் அறியாத வியாபாரி நம்மில் இல்லை. சரக்கு விலையைச் சொல்வதுபோல் தத்தம் அளவுகளையும் மனப்பாடமாகச் சொல்லுவோம். தைராய்டு என்றால் மட்டும், "அது பெண்பிள்ளைகளுக்கு வருவதல்லவா?" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். பெண்களுக்கே அதிகம் வருகிறது என்பது மெய்தான். ஆனால் வீட்டில் அவர்கள், "உடம்பு முடியவில்லை" என்று சொல்லும்போது, வயதாகிறது, வேலை அதிகம் என்று ஏதோ ஒரு சமாதானம் சொல்லிவிட்டுக் கடைக்குப் புறப்பட்டு விடுகிறவர்களும் நாம்தானே!

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கும் சிறு சுரப்பி. தேகத்தின் வேலைகள் எந்த வேகத்தில் நடக்க வேண்டும் என்பதை அதன் சுரப்பு நிர்ணயிக்கிறது. சுரப்பு குறைந்தால் எல்லாமே மந்தமாகும். நன்றாகத் தூங்கியும் அலுப்புத் தீராது. மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், குரல் கரகரப்பு, மறதி, சற்றே எடை கூடுதல் ஆகியவை தோன்றும். பெண்களுக்கு மாதவிடாய் அதிகப்படும், கருத்தரிப்பதும் தாமதமாகலாம். நம் நாட்டுப் புழுக்கத்தில் எல்லோரும் விசிறியைத் தேடும்போது, ஒருவர் மட்டும் குளிர்கிறது என்று விசிறியை நிறுத்தச் சொன்னால் அதைக் கவனிக்க வேண்டும். ஆட்டிறைச்சியை விட்டும் கொழுப்பு இறங்காத ஆண்களும் இதை நினைவில் கொள்வது நல்லது.

இது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வருவதால் கூடவே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. இரண்டு வருஷம் கழித்து ஊரிலிருந்து வரும் மச்சான்தான், "முகம் ஏன் இப்படி ஊதியிருக்கிறது?" என்று கேட்பார்.

இந்த அடையாளங்கள் வேறு காரணங்களாலும் வரக்கூடும். ஆகவே ஊகம் உதவாது. இரத்தப் பரிசோதனையே தீர்ப்புச் சொல்லும். தலைமைக் கடை கிளைக் கடைக்குச் சரக்குக் கேட்டுக் கடிதம் எழுதுகிறது என்று வைத்துக் கொள்வோம். சரக்கு வராவிட்டால் கடிதங்கள் பெருகுமல்லவா? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு எழுதும் அத்தகைய கடிதமே டி.எஸ்.எச். அது ஏறி, டி-4 என்னும் சுரப்பு இறங்கியிருந்தால் தைராய்டு மந்தம் உறுதி. டி.எஸ்.எச். சாதாரணமாக ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்கும். அது மட்டும் சிறிது ஏறியிருந்தால் சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. இதற்காகப் பட்டினி இருக்கவும் வேண்டியதில்லை. முடிக்கும் நகத்துக்கும் என்று பயோடின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது கணக்கைப் பொய்யாக்கிவிடும். தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் உள்ளவர்களும், குழந்தையை எதிர்பார்ப்பவர்களும் பரிசோதனை பற்றி டாக்டரிடம் தாமே கேட்கலாம்.

மருந்தைப் பற்றி நம்மவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1891-ல் இங்கிலாந்தில் டாக்டர் ஜார்ஜ் முர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி ஒரு பெண்மணியைக் குணப்படுத்தினார். அவர் அதற்குப் பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் பன்றியின் சுரப்பியை உலர்த்திய மாத்திரையும் வந்தது. சில நாடுகளில் அது இன்னும் விற்பனையாகிறது. ஆனால் டாக்டர்கள் இன்று வழக்கமாகக் கொடுக்கும் லெவோதைராக்ஸின் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. மாத்திரையில் சேரும் மற்றப் பொருள்களைப் பற்றி ஐயமிருந்தால் மருந்தாளரிடம் கேட்டுக் கொள்ளலாம்.

அதை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரமாவது கழித்தே பசியாற வேண்டும். காப்பி, பால், இரும்புச்சத்து, கால்சியம் ஆகியவை மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். பின்னிரு மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி இடைவெளி வேண்டும். ரமலானில் ஸஹருக்கு அரைமணி முன்போ, இரவு சாப்பிட்டு மூன்று மணி கழித்துப் படுக்கும் போதோ எடுப்பதைப் பற்றி நோன்புக்கு முன்பே டாக்டரிடம் பேசிக் கொள்வது நலம். அளவு சரிதானா என்று 6 முதல் 8 வாரத்தில் மறுபடி இரத்தம் பார்ப்பார்கள். சுகமாகிவிட்டது என்று தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருந்து சாப்பிடும் பெண் கர்ப்பமுற்றால் அன்றே டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.