தெருவின் மட்டம்

மயிலாப்பூர்,
ஆவணி மாதம்.

சிரஞ்சீவி முரளிக்கு,

தியாகராய நகரிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் மழைவெள்ளம் எங்கெங்கே தங்கும் என்று காட்டும் படமொன்றை நீ வரைந்து அனுப்பியதைப் பார்த்தேன். வர்ணங்கள் லக்ஷணமாகத்தான் இருக்கின்றன. ஆனால் பாண்டி பஜாரின் மாடிக் கட்டடங்களெல்லாம் குன்றுகளாகவும், நந்தனத்து விளையாட்டு மைதானம் பெரும் பள்ளமாகவும் அதில் காட்சியளிக்கின்றன. குற்றம் உன்னுடையதன்று. நீ இலவசமாகப் பெற்ற உயர அளவுகள், 2000-ஆம் ஆண்டில் விண்வெளி ஓடமொன்று ரேடாரால் அளந்தவை. ஏறத்தாழ 30 மீட்டர் சதுரத்துக்கு ஓர் எண் வீதம் தருபவை. கூரையையும் மரத்தின் தலையையும் தரையோடு சேர்த்து எண்ணிவிடுபவை. அவற்றின் பிழையே சில மீட்டர் இருக்கும். தி. நகரில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வோ பல இடங்களில் ஒரு முழத்தைத் தாண்டாது. அந்த முழத்தில்தான் தண்ணீர் எவர் வீட்டுக்குள் நுழைவது என்பது நிர்ணயமாகிறது.

ஆகையால், கணிப்பொறியைத் திறப்பதற்கு முன் பழைய படங்களைத் திற. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, பிறை வடிவத்தில் நீண்டு கிடந்த ஏரியை வெள்ளைக்காரன் ‘லாங் டேங்க்’ என்று எழுதி வைத்திருப்பதைக் காண்பாய். 1920-களில் அந்த ஏரியின் மாம்பலப் பகுதியை வற்றச் செய்து, மனைகளாக வகுத்து, சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரால் எழுப்பியதே இன்றைய தியாகராய நகர். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான்; மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறது, அங்கே பார்ப்பதற்குத்தான் ஏரி இல்லை. மனை போட்டவர்கள் தண்ணீரை அகற்றினார்களேயன்றி நிலத்தின் தாழ்வை அகற்றவில்லை. அந்தத் தாழ்விலே சேரும் நீரை அடையாற்றுக்குக் கொண்டு சேர்க்கும் பிரதான வழி, நந்தனத்தின் வழியாகச் செல்லும் மாம்பலம் கால்வாய்.

இரண்டு வெள்ளங்களை ஒரே வர்ணத்தில் தீட்டாதே. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்தையும் ஜாபர்கான்பேட்டையையும் சூழ்ந்ததே, அது ஆற்று வெள்ளம், மேற்கேயிருந்து வந்தது. 2021 நவம்பரில் தி. நகர் வீதிகளில் நாட்கணக்காக நின்றது ஊருக்குள்ளே பெய்து வடிய வழியற்றுப்போன நீர். மாம்பலம் கால்வாயில் கட்டட இடிபாடுகள் கிடந்தது அப்போது பெரும் பேச்சாயிற்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று பலப்படுத்தும் நாளும் உண்டு: ஆறு நிரம்பி, முகத்துவாரத்தில் சமுத்திரம் ஏற்றத்தில் இருக்குமானால், கால்வாய்த் தண்ணீர் வெளியேற இடமின்றி எதிர்த்துத் திரும்பும். அத்தகைய நாளை உன் படத்தில் தனியே காட்டு.

நீரின் அளவையும் கணக்கிட்டுப் பழகு. ஒரு சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10 கோடி லிட்டர். கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளாகக் கணக்கிட்டால் எட்டாயிரத்துக்கும் அதிகம். சிமெண்டும் தாரும் மூடிய பேட்டையில் அதில் பெரும்பங்கு பூமிக்குள் இறங்காமல் மழைநீர் வடிகாலைத் தேடி ஓடும்.

இனித் தெருவுக்கு இறங்கு. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில், குமிழி நிற்காமல் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, ஒரு முனையை வடிகாலின் இரும்புச் சல்லடையருகிலும் மறு முனையை எதிர்வீட்டு வாசற்படியிலும் பிடித்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விரற்கடை பிசகாமல் சொல்லிவிடும். மேலே மேலே தார் போட்டுத் தெரு உயர்ந்து, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிச் சென்ற வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிச் செல்லும் விநோதத்தை மயிலாப்பூர்ச் சந்துகளில் நீயே காணலாம். அதை எந்த விண்கலமும் காட்டித் தராது. மதிற்சுவரில் நிற்கும் பழைய வெள்ளக்கறையைத் தரையிலிருந்து அள. நடைபாதை மின்சாரப் பெட்டியின் அடிப்பாகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று குறித்துக்கொள். மூடி ஆடும் சாக்கடைக் குழிகளையும், துரைசாமி சுரங்கப்பாதை போன்ற பள்ளங்களையும் தனிக் குறியால் எழுது. கணுக்கால் நீர் அசௌகரியம். அதே கணுக்கால் நீருக்கடியில் திறந்த குழியோ மின்கசிவோ இருந்தால் மரணம். ஆழத்தை மட்டும் காட்டும் படம் அரைப் படம். 2015-இல் ஜனங்களே முழுகிய தெருக்களை ஒரு திறந்த வரைபடத்தில் குறித்து உதவினார்கள். அவ்வித சாட்சியத்தையும் இகழாதே.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லைக் கேட்டு, இனி நம் ஆயுளில் கவலையில்லை என்று எண்ணுவோர் படித்தவர்களிலும் உண்டு. எந்த வருஷத்திலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 வருஷம் ஒரே வீட்டில் குடியிருப்பவருக்கு அது ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். மனை வாங்க முன்பணம் கொடுக்கும் முன் இதை எவரும் சொல்வதில்லை.

இத்தகைய படத்தை வெளியிட்டால் நிலத்தின் விலை விழுந்துவிடும் என்று ஆட்சேபிப்பவர்கள் வருவார்கள். அந்த வாதத்துக்கு என்னிடம் மரியாதை இல்லை; தாழ்வை மறைத்து விற்ற விலை நியாயமான விலையன்று, அதன் வட்டியைக் கட்டுகிறவர்கள் தரைத்தளத்து வாடகைக்காரர்களும் ஆற்றங்கரைக் குடிசைவாசிகளும். ஆதலால் நீ வரைந்ததைப் பெட்டியில் பூட்டாமல், உன் ஆசிரியரின் அனுமதியோடு, ஐப்பசி பிறக்குமுன் வட்ட அலுவலகத்தின் வாசலில், தெருப் பெயர்களைத் தமிழில் எழுதி, ஒட்டிவை.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன்,
உன் மாமா.