1.3 லிட்டர்தான், ஆனால் தாகம் அதிகம்

கேள்வி: என்னிடம் இருப்பது 2005 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8. வெறும் 1.3 லிட்டர் இன்ஜின், ஏன் இப்படிப் பெட்ரோல் குடிக்கிறது? மைலேஜைக் கூட்ட முடியுமா?

பதில்: அந்த 1.3-ஐ நம்பாதீர்கள். பிஸ்டன் இல்லாத ரோட்டரி இன்ஜின் அது. எரியும் அறை நீண்டு தட்டையாக இருப்பதால் வெப்பம் சுவரில் வீணாகிறது, பெட்ரோலும் முழுதாக எரிவதில்லை. பிறவிக் குணம், மாற்ற முடியாது. ஆனால் மைலேஜ் முன்பைவிடக் குறைந்திருந்தால், முதலில் இக்னிஷன் காயில்களைப் பாருங்கள். இந்தக் காரில் அவை சீக்கிரமே தளர்ந்துவிடும். பொறி பலவீனமானால் எரியாத பெட்ரோல் வெளியேறி, விலை அதிகமுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். பிளக்குகளையும் கூடவே மாற்றுங்கள். டயர் காற்று, ஏர் ஃபில்டர் எல்லாம் வழக்கம்போல. மிச்சம் பிடிக்கிறேன் என்று எப்போதும் உருட்டிக்கொண்டே போகாதீர்கள், கரி படியும். இன்ஜின் சூடானபின் அவ்வப்போது நன்றாக முடுக்குங்கள். தெருமுனைக் கடைக்கு நடந்தே போங்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி உடனே அணைத்தால், உள்ளே பெட்ரோல் தேங்கி மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.