கடல் கடந்த பிள்ளைகள்

நுழையும்முன்

மாணவர்களே! தந்தைக்கோ தாய்க்கோ பணிமாறுதல் ஆணை வந்தவுடன் பெட்டி கட்டிப் பழகியவர்கள் நீங்கள். இப்பாடத்தை எழுதும் ஆசிரியரும் அவ்வாறே மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்தாம். பெரியவர்கள் வேலைக்காகப் பயணம் புறப்படும்பொழுது, உடன் செல்லும் சிறுவர்கள் எவற்றை எடுத்துச் செல்கிறார்கள், எவற்றை விட்டுச் செல்கிறார்கள் என்பதை இப்பாடம் பேசுகிறது.

குப்பம் தொடர்வண்டி நிலையம்

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் உள்ளது குப்பம். ஒருபுறம் தமிழ்நாடும் மறுபுறம் கருநாடகமும் அதனை அணைத்துக் கிடக்கின்றன. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கிறது. அதன் நடைமேடையில் அரைமணி நேரம் நின்றால் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் செவியில் விழும். ஒரே வாக்கியத்தில் மூன்றும் கலந்து விழுவதும் உண்டு.

ஒருநாள் மாலை அங்கு ஒரு குடும்பத்தைக் கண்டேன். தந்தைக்கு வளைகுடா நாடொன்றில் வேலை கிடைத்திருந்தது. மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பெங்களூரு விமான நிலையத்திற்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மடியில் இருந்த கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு இருந்தது. முற்காலத்தில் பெற்றோரின் கடவுச்சீட்டிலேயே பிள்ளைகளின் பெயரையும் எழுதிவிடுவர்; இக்காலத்தில் பிறந்த சில மாதக் குழந்தைக்கும் தனியே ஒன்று வேண்டும். வழியனுப்ப வந்த பாட்டி, மூத்த பேரனிடம், "அங்கே போனதும் எனக்கு ஒரு கடிதம் எழுது, கண்ணு" என்றார். சிறுவன் சற்றே தயங்கி, "எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும் பாட்டி, எழுதத் தெரியாதே" என்றான். வண்டி வந்துவிட்டது. பாட்டி என்ன விடை கூறினார் என்பது எனக்குக் கேட்கவில்லை.

அச்சிறுவனின் சொற்கள் என் நினைவை நூறாண்டுகளுக்கு முந்தைய வேறொரு நாட்டிற்கு இட்டுச் சென்றன.

சென்னைத் துறைமுகத்திலிருந்து

1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டது. அதில் இருந்தோர் 342 பேர். ஆண்களும் பெண்களும் மட்டுமல்லர், சிறுவர் சிறுமியரும் அதில் இருந்தனர். நவம்பர் 16ஆம் நாள் அக்கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு சென்ற முதல் கூட்டம் அது. 1911 வரை இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றோர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டவர். அவர்களுள் பெரும்பான்மையர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்தும் பலர் சென்றனர். அந்நாளில் அம்மாவட்டத்தின் தலைநகர் சித்தூர்! ஆகவே, தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் ஒரே கப்பலில், ஒரே தளத்தில் படுத்துறங்கிச் சென்றனர். குப்பத்து நடைமேடையின் கலவை மொழி அன்றே கடல் கடந்துவிட்டது எனலாம்.

கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், அகவை, உயரம், உடலில் உள்ள தழும்பு, ஊர் ஆகியன குறிக்கப்பட்டன. எழுதியவர் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதினார். இன்று தென்னாப்பிரிக்காவில் வாழும் அவர்தம் வழித்தோன்றல்கள் அப்பதிவேட்டில் தம் ஊர்ப்பெயரைத் தேடும்பொழுது, எழுத்துப் பிழையால் ஊரே மறைந்துபோன நிலையும் உண்டு. எழுத்துப் பிழைக்கு நான் மதிப்பெண் குறைக்கும்போதெல்லாம் முணுமுணுப்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மீது, ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்கும் சட்டம் 1895இல் நேட்டாலில் இயற்றப்பட்டது. தொடக்க ஆண்டில் ஓர் ஆணின் ஒப்பந்தக் கூலி மாதம் 10 ஷில்லிங். மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். கணக்கிட்டுப் பாருங்கள்: ஆறு மாதக் கூலி! 1903இல் இவ்வரி பிள்ளைகள்மீதும் பாய்ந்தது. பதினாறு வயது நிரம்பிய ஆண்பிள்ளையும் பதின்மூன்று வயது நிரம்பிய பெண்பிள்ளையும் அதனைச் செலுத்த வேண்டும். உங்கள் வகுப்பில் பதின்மூன்று வயதுச் சிறுமியர் எத்தனை பேர்? பெரும் போராட்டத்தின் விளைவாக 1914இல்தான் அவ்வரி நீங்கியது.

கூர்லாந்துக் கப்பலில் மூன்று சிறுவர்

இதே நேட்டாலுக்குப் பணியின் பொருட்டுத் தம் குடும்பத்தை அழைத்துச் சென்ற இன்னொரு தந்தையை நீங்கள் அறிவீர்கள். 1893இல் வழக்கறிஞர் பணிக்காகத் தனியே சென்ற மோகன்தாஸ் காந்தி, 1896இல் தாயகம் வந்து குடும்பத்தை அழைத்துக்கொண்டு மீண்டும் கப்பலேறினார். கஸ்தூரிபா, மைந்தர்கள் ஹரிலால், மணிலால், தமக்கையின் மகன் கோகுல்தாஸ் ஆகியோர் உடன் சென்றனர். சிறுவர் மூவரின் வயது பத்து, ஒன்பது, ஐந்து எனத் தம் வாழ்க்கை வரலாறான 'சத்திய சோதனை'யில் காந்தி குறிக்கிறார்.

புறப்படும் முன்பே சிறுவர்களின் துன்பம் தொடங்கிவிட்டது. நாகரிகமாகத் தோன்ற வேண்டும் என்று தந்தை அவர்களுக்குப் பார்சியரைப் போன்ற மேற்சட்டையும் காற்சட்டையும் அணிவித்தார். காலுறையும் காலணியும் கட்டாயம். பழக்கமில்லாத கால்கள் புண்ணாயின. காலுறைகளில் வியர்வை நாறியது. உணவு உண்ண முள்கரண்டியும் கத்தியும் வேறு! தாம் செய்தது எத்துணை நகைப்புக்குரியது என்பதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாக எழுதினார்.

நவம்பர் இறுதியில் பம்பாயிலிருந்து புறப்பட்ட 'கூர்லாந்து' கப்பல், கரையை நெருங்கும் முன் கடும்புயலில் சிக்கியது. புயல் தணிந்து, திசம்பர் 18 அளவில் டர்பனை அடைந்தும் எவரும் இறங்க இயலவில்லை. பம்பாயில் அப்பொழுது கொள்ளைநோய் பரவியிருந்தமையால் கப்பலைத் தனிமைப்படுத்தினர். நோய் ஒரு காரணம். காந்தியும் இந்தியரும் இறங்கக் கூடாது என்று கரையில் வெள்ளையர் கூட்டம் கிளர்ந்தது மற்றொரு காரணம். கரை கண்ணெதிரே தெரிய, மூன்று வாரத்திற்கும் மேலாகச் சிறுவர்கள் கப்பலிலேயே இருந்தனர். 1897 சனவரி 13ஆம் நாள்தான் இறங்கினர். கஸ்தூரிபாவும் சிறுவர்களும் வண்டியில் ருஸ்தம்ஜி என்னும் நண்பரின் இல்லத்திற்கு முன்னதாக அனுப்பப்பட்டனர். பின்னர் நடந்து வந்த காந்தியைக் கூட்டம் சூழ்ந்து கல்லாலும் அடியாலும் தாக்கியது. காவல்துறைக் கண்காணிப்பாளர் அலெக்சாண்டரின் மனைவி தம் குடையை விரித்து இடையில் நின்று காத்தார். அன்றிரவு அவ்வீட்டையும் கூட்டம் சூழ்ந்தது. அதற்குப் பின் நிகழ்ந்தவற்றைப் பலர் எழுதியுள்ளனர். வீட்டிற்குள் இருந்த அம்மூன்று சிறுவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? புண்பட்ட கால்களோடு, அறியாத நாட்டில், அறியாத மொழியில் எழுந்த கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

அடுத்து எழுந்தது பள்ளிச் சிக்கல். ஐரோப்பியர் பள்ளியில் தம் பிள்ளைகளைச் சலுகையாகச் சேர்க்க இயலும் என்றாலும், பிற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத இடம் தம் பிள்ளைகளுக்கு வேண்டா எனக் காந்தி மறுத்தார். வீட்டில் ஆங்கில ஆசிரியை ஒருவரை அமர்த்தினார். தாம் அவர்களோடு எப்பொழுதும் குசராத்தி மொழியிலேயே பேசினார். மொழி நிலைத்தது. ஆயினும், முறையான கல்வி தமக்குக் கிட்டவில்லையே என்னும் மனக்குறை அம்மக்களுக்கு இருந்தது. தந்தையின் கொள்கையில் நேர்மை இருந்தது. பிள்ளைகளின் குறையிலும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் தெரியாத தமிழாசிரியர்

1910இல் சோகன்னசுபர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், நண்பர் கேலன்பாக் அளித்த நிலத்தில் 'டால்சுடாய் பண்ணை' தொடங்கப்பட்டது. போராட்டத்தில் சிறை சென்றோரின் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. குசராத்தியர், தமிழர், ஆந்திரர், வடநாட்டினர் எனப் பல மொழிப் பிள்ளைகள். அவர்களுக்குக் காந்தி தமிழ் கற்பித்தார்! அவருக்கே சிறிதளவு தமிழ்தான் தெரியும். 1896இல் கல்கத்தாவிற்குச் சென்ற கப்பலில், கப்பல் மருத்துவர் தந்த தமிழ்ப் பயிற்சி நூலைக்கொண்டு தொடங்கியவர். பின்னர்ச் சிறையிலும் பயின்றார். ஜி. யு. போப்பின் கைந்நூலைத் தாண்டித் தாம் செல்லவில்லை என்று ஒளிக்காமல் கூறுகிறார்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ்ச் சிறுவர்களுக்கோ தமிழ் எழுத்தே தெரியாது. எழுத்தையும் எளிய இலக்கணத்தையும் அவர் கற்பித்தார். பேச்சில் மாணவர்கள் ஆசிரியரை எளிதாக வென்றனர். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் அவரைக் காண வந்தால், அம்மாணவர்களே மொழிபெயர்த்தனர். வகுப்பு நடந்தது நண்பகல் உணவிற்குப் பின். உழைத்த களைப்பில் மாணவர் உறங்கி விழுவர். ஆசிரியருக்கும் உறக்கம் வரும். கண்களில் நீர் தெளித்துக்கொண்டு பாடம் தொடரும். (ஏழாம் பாடவேளையில் தமிழ் நடத்தும் எனக்கு இச்செய்தி பெரும் ஆறுதல்.)

அப்பண்ணைச் சிறுவர்கள் குப்பத்து நடைமேடையில் நின்ற சிறுவனைப் போன்றவர்களே. பேச்சு அவர்களிடம் இருந்தது. எழுத்து வழியில் எங்கோ நின்றுவிட்டது.

சொல்லும் பொருளும்

கடவுச்சீட்டு – பாஸ்போர்ட். வழித்தோன்றல் – பின் தலைமுறையினர். அகவை – வயது. மைந்தர் – மகன்கள். தமக்கை – அக்காள். கொள்ளைநோய் – பலரை ஒருசேரத் தாக்கும் நோய்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் அவர் பிறந்த ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றைக் கேட்டுத் தமிழில் எழுதுக. எழுதியதை அவரிடமே காட்டிப் பிழை திருத்துக.

2. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காத காந்தியின் முடிவைப் பற்றி ஹரிலாலின் இடத்தில் இருந்து தந்தைக்கு ஒரு கடிதம் எழுதுக.

3. குப்பத்துப் பாட்டிக்கு அப்பேரன் எழுதும் முதல் கடிதத்தை ஐந்து வரிகளில் எழுதுக. அவனுக்கு எழுத்து இப்பொழுதுதான் பழகுகிறது; ஆதலின் சிறு சிறு சொற்களையே பயன்படுத்துக.